முதியோர் இல்லத்து அறையும் கண்காணிப்புக் கமராவும்



கொழும்பிலே, வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை ஆகிய பகுதிகளிலும், நகரின் விளிம்பிலுள்ள எங்கள் கொலன்னாவை போன்ற இடங்களிலும், கடந்த சில பத்தாண்டுகளில் ஒரு புதுவகைக் குடும்பம் உருவாகியிருக்கிறது. தாய் இங்கே இருப்பார். மூத்த மகன் ரொறன்ரோவில், மகள் இலண்டனில், இளையவன் சிட்னியில். 1983ஆம் ஆண்டிற்குப் பின்னர் கடல் கடந்த பிள்ளைகள் அங்கே வேரூன்றிவிட்டனர். பேரப்பிள்ளைகளின் பேச்சிலே தமிழ் தேய்ந்துவிட்டது. தாய்க்கோ எழுபது கடந்து எண்பதாகிறது. அடுப்படியில் தனியே நிற்க முடியாத நாள் வருகிறது. பின்னர் ஒரு பராமரிப்பு இல்லத்தில் ஓர் அறை, அல்லது அறையிற் பாதி, அவருக்காக எடுக்கப்படுகிறது. மாதந்தோறும் பணம் வருகிறது. இப்பொழுதெல்லாம் பணத்தோடு ஒரு கேள்வியும் வருகிறது: அம்மாவின் கட்டிலுக்கு நேரே ஒரு கமரா பொருத்தலாமா?

இக்கேள்வி சில வீடுகளுக்கு மட்டும் உரியதன்று. 1981ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி இந்நாட்டு மக்களில் நூற்றுக்கு 6.6 பேரே அறுபது வயதைக் கடந்தவர்கள். 2012ஆம் ஆண்டில் அத்தொகை 12.4 ஆயிற்று. முப்பத்தோராண்டுகளில் ஏறத்தாழ இருமடங்கு. முதியோர் பெருகுகின்றனர், அவர்களுக்கு அருகே இருக்கவேண்டியவர்கள் தொலைவிலே இருக்கின்றனர்.

கமரா என்று இங்கே சொல்வது கடை வாயிலிலும் வங்கி மண்டபத்திலும் தொங்கும் பெரிய கருவியை அன்று. உள்ளங்கைக்குள் அடங்கும் சிறு உருண்டை. மின்சாரமும் இணையத் தொடர்பும் இருந்தால் போதும். இருளிலும் படம் பிடிக்கும், குரலையும் பதிவுசெய்யும், உலகின் எந்த மூலையிலிருந்தும் கைத்தொலைபேசியிலே அதைப் பார்க்கலாம். சிலவற்றிலே அப்பால் இருப்பவர் பேசவும் கூடும். திடீரென்று சுவரிலிருந்து மகனின் குரல் கேட்டால், மறதிநோய் கண்ட ஒரு தாய் மகிழ்வாரா, மருள்வாரா என்பதை முன்கூட்டியே சொல்ல எவராலும் முடியாது.

பிள்ளைகளின் அச்சத்தை நாம் இலேசாகத் தள்ளிவிடுதல் தகாது. படுக்கையோடு படுக்கையாகிவிட்ட ஒருவரை ஏறத்தாழ இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்க வைத்தல் வேண்டும்; தவறினால் படுக்கைப் புண் உண்டாகும். இரவிலே அது நடந்ததா இல்லையா என்பதைப் புண் தோன்றிய பின்னரே அறிய முடிகிறது. கையிலே நீலம் பாரித்திருந்தால், தாயால் காரணம் சொல்ல இயலாதிருந்தால், யாரிடம் கேட்பது? இலண்டன் நகரின் பராமரிப்பு இல்லமொன்றில் ஒரு மகள் மறைத்து வைத்த கமரா, தன் தாயை ஒரு பணியாளர் அடிப்பதைக் காட்டிற்று. 2012ஆம் ஆண்டிலே பிபிசி தொலைக்காட்சி அதனை ஒளிபரப்பியது. அடுத்த ஆண்டிலே கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்து பீற்றர்பரோ நகரில் ஒரு மகன் வைத்த கமராவும் அதுபோன்ற கொடுமையை வெளிப்படுத்தியது. இரு நிகழ்ச்சிகளிலும் கமரா இல்லாதிருந்தால் உண்மை வெளிவந்திருக்குமென்று நம்ப எனக்குத் துணிவில்லை.

ஆயினும், கடிகாரத்தைச் சற்று நோக்குங்கள். ரொறன்ரோவில் வேலை முடிந்து, உணவருந்தி, மகன் தொலைபேசியைக் கையில் எடுப்பது இரவு எட்டு மணிக்கு என்று கொள்வோம். அவ்வேளை கொழும்பிலே கோடை காலத்தில் காலை ஐந்தரை. மாரி காலத்தில் ஆறரை. பராமரிப்பு இல்லங்களில் அது எந்த வேளை? இரவு நனைந்த துணியை மாற்றி, உடம்பைத் துடைத்து, உடை அணிவிக்கும் வேளை. அன்பு மிகுந்த அந்த மகன், தன் தாயை அவர் தம் வாழ்நாளில் ஒருபோதும் மகனுக்குக் காட்டச் சம்மதித்திராத கோலத்திலே நாள்தோறும் பார்க்க நேர்கிறது. மகன்மேல் குற்றமில்லை, கருவிமேலும் குற்றமில்லை. எப்பொழுது பார்க்கலாம், எப்பொழுது மூடவேண்டும் என்று எவரும் வரையறுக்காமையே குறை.

அந்த வரையறையை நம் நாட்டுச் சட்டங்களில் தேடினால் நேரான விடை கிடைப்பதில்லை. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், பெற்றோரை வேண்டுமென்றே புறக்கணித்தல் கூடாதென்று பிள்ளைகளுக்குக் கடமை விதிக்கிறது. முதியோருக்கான தேசிய சபையையும், பராமரிப்புப் பணம் கோருவோரின் முறைப்பாட்டை விசாரிக்கும் சபையையும் நிறுவுகிறது. முதியோரை வைத்துப் பராமரிக்கும் நிறுவனங்களின் பதிவையும் வேண்டுகிறது. மருத்துவத் தாதிமை வழங்கும் தனியார் நிலையங்களுக்கு 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கத் தனியார் மருத்துவ நிறுவனங்கள் பதிவுச் சட்டம் உண்டு. இவை எழுதப்பட்ட காலத்திலே உள்ளங்கைக் கமரா எங்கள் கடைகளுக்கு வந்திருக்கவில்லை. ஆகவே கட்டிலருகே அதனை வைக்கலாமா என்பதற்கு அவற்றில் விதி இல்லை.

நெருங்கி வருவது 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமாகும். இஃது ஒரே நாளில் முழுமையாக நடைமுறைக்கு வருவதாக அமையாமல், பகுதி பகுதியாக நடைமுறைப்படுத்தும்படி இயற்றப்பட்டது. ஒருவரின் உருவமும் குரலும் அவரை இன்னாரென்று காட்டுவதனால் அவை தனிப்பட்ட தரவு. உடல்நலம் பற்றிய தரவுக்கு மேலும் கடுமையான காவல் உண்டு. எந்த நோக்கத்திற்காகத் திரட்டினோமோ அதற்கு மட்டுமே பயன்படுத்துதல், வேண்டிய அளவுக்கு மேல் திரட்டாமை, வேண்டிய காலத்திற்கு மேல் வைத்திராமை என்பன அதன் அடிப்படைகள். இல்லத்தின் நிர்வாகமே கமரா பொருத்துமாயின் இவ்வடிப்படைகளுக்கு அது பதில் சொல்லவேண்டியிருக்கும். ஆனால், தனிமனிதர் ஒருவர் முற்றிலும் சொந்த அல்லது வீட்டுத் தேவைக்காகக் கையாளும் தரவுக்கு அச்சட்டம் விலக்கு அளிக்கிறது. மகன் வாங்கி அனுப்பிய கமரா இவ்விலக்கினுள் அடங்குமா?

சட்டம் எனக்குத் தொழிலன்று. எனினும் இவ்விடத்தில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2014ஆம் ஆண்டில் அளித்த தீர்ப்பொன்று வழிகாட்டுகிறது. செக் நாட்டிலே ஒருவர் தம் வீட்டைக் காக்கக் கமரா வைத்தார். அது வீட்டு வாயிலோடு பொதுத் தெருவையும் படம் பிடித்தது. பொது இடத்தையும் பார்க்கும் கமராவை முற்றிலும் வீட்டுத் தேவைக்கு என்று சொல்லமுடியாது என நீதிமன்றம் கூறிற்று. அத்தீர்ப்பு நம்மைக் கட்டுப்படுத்தாது. ஆயினும் அதன் நியாயத்தை எண்ணிப் பாருங்கள். பராமரிப்பு இல்லத்து அறையிலே இரண்டு கட்டில்கள் இருக்கின்றன. இரண்டாவது கட்டிலில் இருப்பவர் அந்த மகனுக்கு எந்த உறவுமில்லாதவர்.

இதே சிக்கலை அமெரிக்காவின் மாநிலங்கள் சில நமக்கு முன்னரே எதிர்கொண்டன. 2001ஆம் ஆண்டில் டெக்சாஸ் மாநிலம் இதற்கெனத் தனிச் சட்டம் இயற்றிற்று. அதன் அமைப்பு எளிமையானது. தங்கியிருப்பவர் விரும்பினால் தம் அறையிலே கமரா வைக்கலாம். இல்லம் மறுக்கவோ, அதற்காக அவரை வெளியேற்றவோ முடியாது. அதே அறையில் வேறொருவர் இருந்தால் அவருடைய சம்மதம் எழுத்திலே பெறப்படவேண்டும். அவர் நிபந்தனையோடும் சம்மதிக்கலாம்: கமரா என் பக்கம் திரும்பக் கூடாது, குரலைப் பதியக் கூடாது என்று. சில அறைகளில் கண்காணிப்பு நடைபெறலாம் என்னும் அறிவித்தல் இல்லத்தின் வாயிலிலே தொங்கவேண்டும். செலவு முழுவதும் கமரா வைப்பவருடையது. மின்சாரச் செலவு நீங்கலாக! கமராவைக் குழப்புதலும் பதிவை அழித்தலும் குற்றம். பிற்பாடு நியூ மெக்சிகோ, ஓக்லஹோமா, இலினோய், மினசோட்டா முதலியனவும் தத்தம் சட்டங்களை ஆக்கிக்கொண்டன.

இவற்றுள் இலினோய் மாநிலத்துச் சட்டம் எனக்கு மிகவும் பிடித்தமானது. அது 2016ஆம் ஆண்டு தைத்திங்கள் முதலாம் நாள் நடைமுறைக்கு வந்தது. சம்மதம் யாருடையது என்னும் கேள்வியை அது சுற்றிவளைக்காமல் சந்திக்கிறது. முதலாவது உரிமை கட்டிலிலே படுத்திருப்பவருக்கு. அவரால் விளங்கிக்கொள்ள இயலாதென்று வைத்தியர் தீர்மானித்தாலன்றி மகனோ மகளோ அவருக்குப் பதிலாகக் கையொப்பமிட முடியாது. அவ்வாறு தீர்மானித்த பின்னரும், கையொப்பமிடுமுன் முதியவரிடம் விடயத்தைச் சொல்லி, கமராவின் வகையையும் எடுத்துரைத்து, அவரைக் கேட்கவேண்டும். வாயாலோ சைகையாலோ அவர் வேண்டாமென்று காட்டினால், அவ்வளவுதான், கமரா இல்லை. நினைவு தளர்ந்தவரின் மறுப்பும் மறுப்பே என்று ஒரு சட்டம் எழுதிவைத்திருப்பது சிறிய செய்தியன்று. அறைத்தோழர் சம்மதிக்காவிட்டால், அவ்விருவரில் ஒருவர் வேறோர் அறைக்கு மாற இல்லம் முயற்சி செய்யவேண்டும். குளிப்பாட்டும்போது, உடை மாற்றும்போது, வைத்தியர் சோதிக்கும்போது, மதகுருவோ சட்டத்தரணியோ வந்து பேசும்போது கமராவை நிறுத்தும்படி முதியவர் முன்கூட்டியே எழுதிக் கொடுக்கலாம்.

நம் வீடுகளிலே இந்த ஒழுங்கு தலைகீழாக இருக்கிறது. பணம் அனுப்புகிறவர் முடிவு செய்கிறார்; நிர்வாகி தலையசைக்கிறார்; தாய்க்குக் கடைசியிலேதான் தெரியவருகிறது, சில வேளை தெரியவருவதேயில்லை. நான் அறிந்த ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியை நகரத்து இல்லமொன்றில் இருந்தார். அவருடைய அறையிலும் கமரா இருந்தது. நாள்தோறும் மாலையில் அது அரைமணி நேரம் இருண்டுவிடும். பராமரிக்கும் பெண்தான் எதையோ மறைக்கிறாள் என்று வெளிநாட்டிலிருந்த பிள்ளைகள் முறையிட்டனர். அப்பெண் வேலையை இழக்கும் நிலை வந்தது. விசாரித்தபோது, ஆசிரியையே எழுந்து சென்று தம் கைக்குட்டையை அதன்மேல் போட்டுவிடுவது தெரிந்தது. "நான் சுவாமி கும்பிடும் நேரத்தில் அந்தக் கண் என்னைப் பார்க்கவேண்டியதில்லை" என்றாராம். அவரிடம் முன்னமே ஒருவரும் கேட்டிருக்கவில்லை. இலினோய் மாநிலத்தில் அவர் ஒரு படிவத்தில் எழுதிக் கொடுத்திருப்பார். இங்கே ஒரு கைக்குட்டையால் தெரிவித்தார்.

அந்தப் பெண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். பராமரிப்பாளர்களில் பலர் மலையகத்திலிருந்தும் தூரக் கிராமங்களிலிருந்தும் வந்து, சிறு சம்பளத்திற்கு இரவும் பகலும் உழைப்பவர்கள். எங்கள் பாடசாலை வாயிலிலே கமரா வைக்கவேண்டுமென்று பெற்றோர் கேட்பதுண்டு. அதில் எவர்க்கும் மறுப்பில்லை. வகுப்பறைக்குள்ளே வைக்கவேண்டுமென்று கேட்கும்போது ஆசிரியர்களின் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். குற்றம் செய்யாதவருக்கு அச்சம் எதற்கு என்று கேட்பது எளிது. எட்டு மணி நேரமும் ஒருவர் பின்னால் நின்று நம் கையையே பார்த்துக்கொண்டிருந்தால் நம் எழுத்தும் கோணும். மொழியும் ஒரு தடை. சிங்களம் மட்டும் அறிந்த பராமரிப்பாளர் உரத்த குரலில், காது மந்தமான தமிழ்த் தாயிடம் "மருந்தை விழுங்குங்கள்" என்று மும்முறை சொல்வது, தொலைவிலிருந்து கேட்கும் பேத்திக்கு அதட்டலாகவே ஒலிக்கும். மறுபுறத்தில், வீண்பழி சுமத்தப்பட்ட பணியாளரைக் காப்பதும் அதே பதிவாக இருக்கலாம். எனவே கமரா உண்டு என்பதைப் பணியாளரிடம் மறைக்காமற் சொல்லுதல் இரு சாராருக்கும் நன்று.

அப்படியானால் மறைத்து வைக்கும் கமரா முற்றிலும் தவறா? முன்னர் சொன்ன இலண்டன் நிகழ்ச்சி மறைவான கமராவால்தான் வெளிவந்தது. இங்கிலாந்தின் பராமரிப்புத் தர ஆணைக்குழு 2015ஆம் ஆண்டில் குடும்பத்தாருக்கென வெளியிட்ட வழிகாட்டி அதனைத் தடைசெய்யவில்லை; முறையிடுதல் முதலிய பிற வழிகளையும், முதியவரின் சம்மதத்தையும், மற்றவர்களின் அந்தரங்கத்தையும் எண்ணிப் பார்க்கும்படி கேட்டுக்கொண்டது. 2020ஆம் ஆண்டு முதல் நடைமுறையிலுள்ள மினசோட்டாச் சட்டம் நடுவழி ஒன்றைக் கண்டது. முறையிட்டால் பழிவாங்கப்படுவோமென்று நியாயமான அச்சம் உடையவர், இல்லத்திற்கு அறிவிக்காமலே பதினான்கு நாள்வரை கமரா வைத்திருக்கலாம். சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள இரண்டு வாரம் போதும். அதற்கப்பால் மறைவு என்பது பாதுகாப்பாக அன்றி வழக்கமாக மாறிவிடும். இது நல்ல கணக்கென்றே எனக்குத் தோன்றுகிறது.

கமராவால் ஆகாதவையும் உண்டு. மருந்து சரியான மருந்தா என்பது அதற்குத் தெரியாது. துணி நனைந்திருப்பது தெரியாது. வலி தெரியாது. அவுஸ்திரேலியாவின் தென்மாநிலத்திலே, ஓக்டன் என்னும் முதியோர் பராமரிப்பு நிலையத்தில் நடந்த கொடுமைகள் வெளிப்பட்டு அது 2017ஆம் ஆண்டில் மூடப்பட்டது. பின்னர் அம்மாநில அரசு, விழுதலையும் கூக்குரலையும் தானே அறிந்து எச்சரிக்கும் கமராக்களை இரண்டு நிலையங்களில் சோதித்துப் பார்த்தது. அவை ஆயிரக்கணக்கான பொய் எச்சரிக்கைகளை எழுப்பின; பணியாளர்கள் எதற்கு ஓடுவது, எதற்கு இருப்பது என்றறியாது களைத்தனர். ஓர் இரவுக்கு இருபது முதியோருக்கு ஒரே பராமரிப்பாளர் என்றிருக்கும் இல்லத்திலே, கமரா நமக்குக் காட்டப்போவது அந்த ஒருவர் வேறோர் அறையில் இருக்கிறார் என்பதையே.

இலங்கையின் 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பிலே அந்தரங்க உரிமை வெளிப்படையாக ஓர் அடிப்படை உரிமையாகச் சொல்லப்படவில்லை. அயல்நாடாகிய இந்தியாவில் 2017ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதியரசர்கள் அது அடிப்படை உரிமையே என்று ஒருமனதாகத் தீர்த்தனர். 1991ஆம் ஆண்டிலே ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்ற முதியோர் பற்றிய கோட்பாடுகள், பராமரிப்பு நிலையத்தில் வாழும்போதும் முதியவரின் கண்ணியமும் அந்தரங்கமும் தம் பராமரிப்பைப் பற்றித் தாமே முடிவு செய்யும் உரிமையும் மதிக்கப்படவேண்டுமெனக் கூறுகின்றன. சட்டமன்றம் வருங்காலத்தில் எதைச் செய்யினும், இன்று தாயை ஓர் இல்லத்தில் சேர்க்கப்போகும் குடும்பம் ஒரு தாளிலே சிலவற்றை எழுதிக்கொள்ளத் தடை ஏதுமில்லை.

தாளை எழுதுமுன் தாயிடம் கேளுங்கள். தொலைபேசியில் அவசரமாகக் கேட்காமல், ஊரிலுள்ள உறவினர் ஒருவர் நேரிற் சென்று, அவர் தெளிவாக இருக்கும் காலை வேளையிலே, கருவியைக் கையிற் கொடுத்து, அதில் அவருடைய படம் எப்படித் தெரியும் என்பதையும் காட்டிக் கேட்கவேண்டும். மறுநாளும் ஒருமுறை கேட்கவேண்டும். அறையிலுள்ள மற்றவரிடமும் அவர் குடும்பத்தாரிடமும் கேட்டு, அவர்களுடைய நிபந்தனைகளைத் தாளிலே குறிக்கவேண்டும். குரல் பதிவு வேண்டுமா என்பதைத் தனியே முடிவு செய்யவேண்டும், பெரும்பாலும் வேண்டியிராது. மூடியிருக்கும் வேளைகளை மணிக்கணக்கோடு எழுதவேண்டும்; மூடியைப் போடுவதும் எடுப்பதும் யார் என்பதும் அதில் இருக்கவேண்டும். யார் யார் பார்க்கலாம் என்று பெயர் குறிப்பதும் அவசியம். ஆறு பிள்ளைகளும் மருமக்களும் சேர்ந்த வாட்ஸ்அப் குழுவிலே தாயின் படுக்கைக் காட்சி உலவுவதை எந்தத் தாயும் விரும்பார். கடவுச்சொல்லை நிர்வாகிக்குக் கொடுப்பதில்லை என்பதையும், கடையிலிருந்து வந்தபோது இருந்த கடவுச்சொல்லை அன்றே மாற்றுவதையும் மறத்தலாகாது. மாற்றாத கமராவை முன்பின் அறியாதவரும் எட்டிப் பார்க்க முடியும். பதிவு எத்தனை நாள் இருக்கும் என்பதற்கும் ஓர் எண் வேண்டும். முறைப்பாடு இல்லாதபோது சில நாட்களே போதும். காயமோ அடியோ தென்பட்டால் பதிவைத் திகதியும் நேரமும் சிதையாதபடி வெட்டாமல் வைத்து, பொலிஸாரிடமோ முதியோருக்கான தேசிய செயலகத்திடமோ கொடுக்கவேண்டும். இணையத்தில் ஏற்றுவது அந்த முதியவரை இரண்டாம் முறை அவமதிப்பதாகும்.

கட்டில் காலியாகும் நாளைப் பற்றியும் ஒரு வரி எழுதிவைக்கவேண்டும். துயரத்திலே பலர் இதனை மறந்துவிடுகின்றனர். கமரா சுவரிலேயே நின்று, அடுத்து அக்கட்டிலுக்கு வருகிறவரை, அவரைச் சற்றும் அறியாத ஒரு குடும்பத்திற்கு நாள்தோறும் காட்டிக்கொண்டிருக்கும். பொருட்களைப் பொறுப்பேற்க வரும் உறவினர், உடுப்புப் பெட்டியோடும் மூக்குக் கண்ணாடியோடும் அதையும் கழற்றிக்கொண்டு போகவேண்டும்.